மூணாவது உதை

எங்க ஆபீஸ்ல யாருக்கு நல்லது நடந்தாலும் செலவு அவன் தலையிலதான். கார் வாங்கினியா, எல்லாருக்கும் சுடச்சுட புரேக், அதான் கறி வெச்ச அடை, வாங்கிட்டு வா. குழந்தை பொறந்துச்சா, ராக்கியாங்கிற பழச் சாராய பாட்டிலைத் திற. பொறந்தநாள்னா கேக்கை நீயே சுமந்துட்டு வரணும். மத்தவங்க வாங்கித் தருவாங்கன்னு உக்காந்திருந்தா சாயங்காலம் வரைக்கும் பட்டினிதான். செர்பியா முழுக்க இதான் வழக்கம், இதுல நான் குறை சொல்ல ஒண்ணுமில்ல. சுட்ட பன்னிக்கறியை வேண்டாங்கிற ஆளும் நான் இல்ல. ஆனா லூபிஷா கடைசியா வெச்சானே ஒரு விருந்து, அதைத்தான் இப்ப சொல்லப் போறேன்.

நோவி சாட் ஊர்ல, டான்யூப் ஆத்தோரத்துல, பழைய செருப்பு ஃபேக்டரி மாடியில எங்க கம்பெனி. வீடியோ கேம் பண்றோம். ஒரு வீரனா நீங்க ஊர் ஊராப் போய், கண்ணுல படறவங்ககிட்ட எல்லாம் பேசி, சண்டை போட்டு, செத்து, திரும்ப எழுந்து வர்ற மாதிரி கதை ஆட்டம். அதுல வர்ற ஆளுங்களை நடக்க வைக்கிறது, ஆட வைக்கிறது, கீழ விழ வைக்கிறது எல்லாம் நான். பேர் நெவென்கா. வாய் கொஞ்சம் நீளம்னு சொல்லுவாங்க, சொல்லிட்டுப் போகட்டும்.

லூபிஷாவுக்கு வேலை, ஆட்டத்தை ஆடிப் பாத்து தப்பு கண்டுபிடிக்கிறது. செவுத்துக்குள்ள கால் போகுதா, செத்தவன் பேசறானான்னு பாத்துப் பாத்து எழுதுவான். நாப்பது தாண்டின மனுஷன், பொறுமைன்னா அப்படி ஒரு பொறுமை. திக்குவாய். "காலை வணக்கம்" சொல்லி முடிக்கிறதுக்குள்ள காபி ஆறிடும்னு எங்க ஆளுங்க சொல்லிச் சிரிப்பாங்க. அவனும் கூடவே சிரிப்பான்.

அவன் பொண்டாட்டி யகோடா, முடி வெட்டற கடையில வேலை. போன வருஷம் அவனை விட்டுட்டு வியன்னா போயிட்டா. போறப்ப ஒரு வார்த்தை சொன்னாளாம். "உன் ஒரு வாக்கியம் முடியறதுக்குள்ள என் ஆயுசு முடிஞ்சிடும் லூபிஷா." எங்களுக்கு எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? ரேலியா வீட்டுக் குலப் புனிதர் விருந்துல, ராக்கியா உள்ள போனதும் பாவம், லூபிஷாவே வாயை விட்டுட்டான். ரேலியாதான் எங்க ஆட்டத்துக்கு வசனம் எழுதறவன். பொடிப் பய, நாக்கு மட்டும் சவரக்கத்தி. அன்னிக்கு லூபிஷா தோள்ல கை போட்டு, "விடுண்ணே, விடுண்ணே"ன்னு கண்ணைத் துடைச்சு விட்டான். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான்.

எங்க தொழில்ல இன்னொரு பழக்கம் உண்டு. வசனம் எழுதி முடிக்காத இடத்தைக் காலியா விட மாட்டோம். காலியா விட்டா அதையே தப்புன்னு எழுதிடுவாங்க. அதனால வாய்க்கு வந்ததை எழுதி ரொப்பி வெப்போம், விக்கறதுக்கு முன்னாடி மாத்திக்கலாம்னு. ஆட்டத்துல இருந்த ஆடுங்களுக்கெல்லாம் எங்க கட்டட ஓனர் பேர் வெச்சது நான்தான். அந்த ஆளு வாடகை ஏத்தினதுக்கு அது. யாருக்கு என்ன நஷ்டம்? நாலு பேர் சிரிப்பாங்க, அப்புறம் அழிச்சிடுவோம்.

அப்படித்தான் கிணத்தடி முட்டாள் வந்தான். ஒரு கிராமத்துல, கிணத்தோரம், கிழிஞ்ச கோட்டு போட்டுக்கிட்டு ஒருத்தன் உக்காந்திருப்பான். தலைக்கு மேல பேர் மிதக்கும்: லூபிஷா. கிட்டப் போனா, "ய-ய-யகோடா வ-வ-வந்துட்டாளா?"ம்பான். ஒரு உதை விட்டா எழுந்து நிப்பான். ரெண்டாவது உதைக்கு ஆடுவான், அந்த ஆட்டம் என் கைவேலை. மூணாவது உதை விட்டாதான் அந்த வரி. ஒரு பொம்பளை குரல்ல மிமிக்ரி பண்ணிச் சொல்லுவான்: "உன் ஒரு வாக்கியம் முடியறதுக்குள்ள என் ஆயுசு முடிஞ்சிடும்." அதையும் திக்கித் திக்கியே சொல்லுவான், அதான் ஜோக்காம். ஆபீஸே விழுந்து விழுந்து சிரிச்சுது. லூபிஷாவும் சிரிச்சான்னுதான் எனக்கு ஞாபகம்.

அப்புறம் யகோடா திரும்பி வந்துட்டா.

யாரும் எதிர்பாக்கல. ஏப்ரல்ல ஒருநாள், ரெண்டு பெட்டியோட பஸ்ல வந்து இறங்கினா. என்ன நடந்துச்சு வியன்னாவுல, ஏன் வந்தான்னு நான் கேக்கல. லூபிஷா மூஞ்சியைப் பாத்தாலே போதும், கேக்கவே தோணல. சட்டை இஸ்திரி போட்டு வர ஆரம்பிச்சான். ஒருநாள் பால்கனியில சிகரெட் பிடிக்கறப்ப என்கிட்ட சொன்னான். அவ ஒரு சத்தியம் பண்ணியிருக்காளாம். இனிமே அவன் பேசறப்ப நடுவுல பூந்து முடிச்சு விட மாட்டாளாம். எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருப்பாளாம்.

"கா-கா-காத்துட்டு இருக்கா நெவென்கா. நே-நேத்து உப்பு கே-கேட்டேன். சூப்பு ஆ-ஆறிப்போச்சு. இ-இருந்தாலும் காத்துட்டு இருந்தா."

நான் சிகரெட்டை நசுக்கினேன். "அப்ப அந்தக் கிணத்தடிக் கண்றாவியை முதல்ல எடுக்கச் சொல்லுய்யா. அவ காதுல விழுந்தா என்ன ஆகும்?"ன்னேன்.

அவனுக்கு அது தெரியாமலா? அன்னிக்கே ரேலியாகிட்ட போனான். ரேலியா காதுல மாட்டினதைக் கழட்டாமயே, "சரிண்ணே, தப்புப் பட்டியல்ல போட்டுடு, வரிசையா வர்றப்ப மாத்திடறேன்"னான். லூபிஷாவும் போட்டான். தன் மேலேயே தப்பு எழுதிக்கிட்ட ஒரே மனுஷன் உலகத்துல அவனாத்தான் இருப்பான். 'கிணத்தடி முட்டாள்: சக ஊழியர் பேரும் அவர் மனைவி பேரும் தனிப்பட்ட பேச்சும் இருக்கின்றன. நீக்கவும்.' அவ்வளவுதான். அப்புறம் அந்த மகானுபாவன் என்ன பண்ணினான் தெரியுமா? தப்பு பெருசா சின்னதான்னு குறிக்கணும், 'சின்னது'ன்னு குறிச்சான்!

"யோவ், உனக்குப் பைத்தியமா?" நான் கத்தினேன். "சின்னதுன்னு போட்டா அது அடியில போய்ப் படுத்துக்கும். எவன் பாப்பான்?"

"ஆ-ஆட்டம் நிக்கலையே நெவென்கா. ஆட்டம் நி-நின்னாத்தான் பெருசு. வி-விதி அப்படி."

"உன் குடும்பம் நின்னா?"

அதுக்கு விதி இல்லையேன்னு கையை விரிச்சான். நேர்மையா இருக்கறவனைக் கடவுளே காப்பாத்த மாட்டான், இதை எங்க வேணும்னாலும் எழுதிக் கொடுக்கறேன்.

அந்த நேரம் பாத்து எங்க முதலாளி கோஸ்டாவுக்குப் பித்து பிடிச்சுது. பிளாக்செயின். காலையில பிளாக்செயின், மத்தியானம் பிளாக்செயின். ஒரு தடவை எழுதிட்டா அப்புறம் எவனாலயும் அழிக்க முடியாத கம்ப்யூட்டர் கணக்குச் சங்கிலியாம் அது. பணம் போட்டவங்க துபாய்ல இருக்காங்க, அவங்க ஓதின மந்திரத்தை இவர் திருப்பி ஓதினார். ஆட்டத்துல வர்ற ஒவ்வொரு ஆளையும், ஆட்டையும், பாதிரியையும் தனித்தனி டோக்கனா விப்பாராம். பேர், முகம், பேசற வசனம் எல்லாத்தையும் அந்தச் சங்கிலியில எழுதிடுவாராம். வாங்கினவனுக்கே சொந்தம். அவன் வீரன் பின்னாடி நாய்க்குட்டி மாதிரி கூட்டிட்டுத் திரியலாம், வேண்டாம்னா இன்னொருத்தனுக்கு வித்துக்கலாம்.

மீட்டிங்ல நான் கை தூக்கினேன். "கோஸ்டா, கதை ஆட்டத்துக்கு உயிரே திரும்ப ஆரம்பிக்கலாம்ங்கிறதுதான். தப்பா ஒரு கதவைத் திறந்தா மூடலாம். செத்தா எழுந்துக்கலாம். நாங்களும் அப்படித்தான் வேலை செய்யறோம், எழுதறோம், அழிக்கறோம், திரும்ப எழுதறோம். அழிக்கவே முடியாத இடத்துல கொண்டு போய் எதுக்கு இதைக் கட்டறே?"

"நெவென்கா, நீ பழைய காலத்து ஆளு" கோஸ்டா சிரிச்சார். "மத்த கம்பெனி ஆட்டத்துல வாளு யாருது? கம்பெனிது. ராத்திரியோட ராத்திரியா பிடுங்கிட்டா நீ என்ன பண்ணுவே? நம்ம ஆட்டத்துல அந்தப் பயமே கிடையாது. விக்கறது வித்ததுதான். நானே நினைச்சாலும் தொட முடியாது. கல்வெட்டு!"

"கல்வெட்டுல எழுத்துப்பிழை வந்தா?"

"வராம பாத்துக்கறதுக்குத்தானே லூபிஷா அண்ணனுக்குச் சம்பளம் குடுக்கறேன்."

எல்லாரும் கைதட்டினாங்க. லூபிஷா எழுந்தான். "ஒ-ஒரு..."ன்னு ஆரம்பிச்சான். கோஸ்டாவுக்கு போன் வந்துச்சு, எழுந்து போயிட்டார். லூபிஷா பாதி வார்த்தையோட நின்னான், அப்புறம் உக்காந்துட்டான்.

துபாய்க்காரங்க சாப்பிட வர்றாங்கன்னு கோஸ்டா வெள்ளிக்கிழமையே எல்லாத்தையும் சங்கிலியில ஏத்திட்டார், 'முடிஞ்சது'ன்னு சொல்லிப் பெருமை அடிச்சுக்க. ஒரு வார்த்தை எங்ககிட்ட கேக்கல. ரேலியா திங்கக்கிழமை உக்காந்து, பட்டியல்ல அடியில கிடந்த சின்னத் தப்பை எல்லாம் திருத்தினான். லூபிஷா பேரை எடுத்து 'கிழவன்'னு மாத்தினான், வசனத்தையும் மாத்தினான். "ஆச்சுண்ணே!"ன்னு கட்டைவிரல் காட்டினான். லூபிஷா அன்னிக்கு அவனுக்கு பீர் வாங்கிக் குடுத்தான். திருத்தினது எங்க கம்ப்யூட்டர்ல மட்டும்தான், சங்கிலியில இருக்கறது வெள்ளிக்கிழமைச் சரக்குன்னு ரெண்டு பேருக்குமே தெரியாது.

வித்தது மூடின பெட்டியா. காசு கட்டித் திறந்தா உள்ள யார் வரும்னு தெரியாது. பெட்டிக்குள்ள இருக்கற ஆளுங்க பட்டியல் வெளியானப்பதான் லூபிஷா தன் பேரைப் பாத்தான். மூஞ்சில ரத்தமே இல்ல. ஓடிப்போய், கையில இருந்ததை எல்லாம் போட்டுப் பெட்டி வாங்கினான். தன்னைத் தானே வாங்கிடலாம்னு. ஒண்ணுல பாதிரி வந்தார். மத்த எல்லாத்துலயும் ஆடு. கட்டட ஓனர் பேர் போட்ட ஆடு! சிரிக்கறதா அழறதா சொல்லுங்க. நான் சிரிச்சுட்டேன், பொய் சொல்ல மாட்டேன்.

கிணத்தடி முட்டாள் எவனோ கொரியாக்காரன் கையில மாட்டினான். அவன் சும்மா இருந்தானா? உதைச்சு உதைச்சு வீடியோ எடுத்துப் போட்டான். உலகமே பாத்துச்சு. எங்க வீரனுங்களை எவனும் சீண்டல, டிராகனைச் சீண்டல. அத்தனை பேருக்கும் வேண்டியது திக்குவாய் லூபிஷாதான். கை மாற மாற விலை ஏறுச்சு, ஒவ்வொரு தடவை கை மாறறப்பவும் கம்பெனிக்குப் பங்கு வந்துச்சு. கோஸ்டா விசில் அடிச்சுக்கிட்டே நடந்தார்.

நான் அவர் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்தினேன். "அழிக்க முடியலேன்னா போகுது. நம்ம ஆட்டத்துக்குள்ள அவன் தெரியாத மாதிரி மறைச்சுடு. அதைச் செய்யலாமில்ல?"

"செய்யலாம்." கோஸ்டா கடலை உரிச்சுக்கிட்டே சொன்னார். "ஒண்ணை மறைச்சா மத்தது வாங்கினவன் எல்லாம் பயப்படுவான். அப்புறம் இது எதுக்கு, வழக்கமான கேமே பண்ணிட்டுப் போலாமே. நம்ம கிட்ட வித்துக்கிட்டு இருக்கறதே அது ஒண்ணுதான் நெவென்கா. லூபிஷா அண்ணன் நல்லவர், புரிஞ்சுக்குவார்."

நல்லவன்னு பேர் எடுத்தா இதான் கதி, ஏறி மிதிக்க வசதியா முதுகைக் காட்டிட்டு நிக்கணும்.

யகோடாவுக்குக் கடையில தெரிஞ்சுது. தலைக்குச் சாயம் போட வந்தவ போனைப் பாத்துச் சிரிச்சிருக்கா. "இது உன் பேராச்சேடி, பாரேன்!"ன்னு நீட்டியிருக்கா.

நேரா எங்க ஆபீசுக்கு வந்துட்டா. விரல் நுனியெல்லாம் செங்கருப்புச் சாயம், கையுறையை உருவிப் போட்டுட்டு அப்படியே வந்திருக்கா. சத்தம் போடல. "இதை எழுதினவன் யாரு?"ன்னா. ரேலியா எழுந்தான். "போடு. முழுசாப் போடு."

"அக்கா, அது சும்மா ஒரு..."

"போடுங்கறேன்."

போட்டான். முதல் உதை. ரெண்டாவது உதை, என் ஆட்டம். அந்த ஆட்டத்தை அன்னிக்குத்தான் நான் ஒழுங்காப் பாத்தேன், முழங்கால் ரெண்டும் கோணிக்கிட்டு, சகிக்கல. மூணாவது உதை. அவளோட வரி வந்துச்சு, ஒரு எழுத்து மாறாம. பின்னாடி வரிசையில எவனோ பழக்க தோஷத்துல களுக்குன்னு சிரிச்சான்.

"அழிங்க" யகோடா சொன்னா.

கோஸ்டா வெளிய வந்து, காபி சாப்பிடறீங்களான்னு ஆரம்பிச்சு, சங்கிலி, சொந்தம், நம்பிக்கைன்னு தேன் தடவிப் பேசினார்.

"அதென்ன, வேதமா?" அவ கேட்டா. "நான் கோவத்துல சொன்னேன். சொன்னதை வாபஸ் வாங்கத்தான் பஸ் ஏறி வந்தேன். நானே வாபஸ் வாங்கிட்டேன், நீங்க யாருய்யா அதை வெச்சுக்க?"

அவ லூபிஷா பக்கம் திரும்பினா. "இவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? நம்ம ரூம்ல, கதவைச் சாத்திட்டு உன்கிட்ட சொன்னது அது."

"நா-நா-நா..."

அவ காத்துட்டு நின்னா. சத்தியம் பண்ணியிருந்தாளே, அதைக் காப்பாத்தினா. கையைக் கட்டிக்கிட்டு, அவன் வாயையே பாத்துக்கிட்டு. அவன் கழுத்து நரம்பு புடைச்சுது. "நா-நா-ன்..."

"அவர் சொல்லவே இல்லக்கா, நாங்களா எழுதினோம்!" ரேலியா பூந்தான். காப்பாத்தறானாம். "அதான் சொல்ல வர்றார், இல்லண்ணே?"

லூபிஷா வேகமாத் தலையை ஆட்டினான், இல்லைன்னு. அவனுக்குப் பொய் வராதே. "நா-நான்தான் சொ-சொ-..."

அந்த நேரம் ஸ்க்ரீன்ல அந்தச் சனியன் தானாவே ஆரம்பிச்சுது. உதைக்காம கொஞ்ச நேரம் விட்டா முதல்லேர்ந்து பேசும், அப்படித்தான் பண்ணியிருந்தோம். "ய-ய-யகோடா வ-வ-வந்துட்டாளா?"

ரெண்டு லூபிஷாவும் ஒரே நேரத்துல திக்கினாங்க. நான் பாஞ்சு போய் ஒயரைப் பிடுங்கினேன். அவ அதுக்குள்ள படி இறங்கிட்டா.

அதே வாரம் கிணத்தடி முட்டாள் மறுபடி கை மாறினான். எங்க கம்பெனி பாக்காத விலை. கோஸ்டா மேசை மேல தட்டினார். "கேட்டுக்கங்கப்பா! லூபிஷா அண்ணன் உலகப் புகழ்! நாளைக்கு விருந்து அவர் செலவுதான்!" எல்லாரும் கத்தினாங்க. "பன்னி! பன்னி! பன்னி!"

"அவன் சம்பாதிச்சது என்ன, வெங்காயமா?"ன்னு நான் கேட்டேன். யார் காதுலயும் விழல. எரியற வீட்ல பிடுங்கினவரைக்கும் லாபம்.

மறுநாள் லூபிஷா வந்தான். வர மாட்டான்னுதான் நினைச்சேன். முழுசா சுட்ட பன்னிக்குட்டி, பழுப்புக் காகிதத்துல சுத்தி, நெஞ்சோட அணைச்சுத் தூக்கிட்டு வந்தான். சின்ன வெங்காயம், ரொட்டி, ராக்கியா ரெண்டு பாட்டில். சட்டை இஸ்திரி போடல. மீட்டிங் மேசை மேல செய்தித்தாள் விரிச்சு, அவனே வெட்டினான், அவனே பரிமாறினான். மொறுமொறு தோலை எனக்குன்னு தனியா எடுத்து வெச்சான். எனக்கு அது பிடிக்கும்னு அவனுக்குத் தெரியும்.

"யகோடா?" மெதுவாக் கேட்டேன்.

"கா-காலையில போ-போயிட்டா."

மெதுவாத்தான் சொன்னான், ஆனா பக்கத்துல ரேலியா நின்னான். அது மேசை முழுக்கப் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

விருந்து வெக்கறவன் ஒரு வார்த்தை பேசித்தான் கிளாஸைத் தூக்கணும், அதுவும் வழக்கம். லூபிஷா எழுந்தான். எல்லாரும் கிளாஸைப் பிடிச்சுக்கிட்டு நின்னோம். கோஸ்டா ரேலியா காதுல என்னமோ சொன்னார். எனக்குக் கேட்டுச்சு. "அழிக்கத்தான் முடியாது. புதுசா சேக்கலாம். வாங்கினவன் இன்னும் வேணுங்கறான்."

ரேலியா தொண்டையைக் கனைச்சான். குரல் நல்ல மரியாதையா இருந்துச்சு. "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. இந்தத் தடவை அண்ணி போறப்ப என்ன சொன்னாங்க?"

செருப்பால அடிச்சிருக்கணும். என் கையில தட்டு இருந்துச்சு, தட்டாலயாவது அடிச்சிருக்கணும். அடிக்கல. ஏன்னு கேக்காதீங்க. எல்லாரும் மெல்லறதை நிறுத்திட்டாங்க, நானும் நிறுத்திட்டேன். எனக்கும் தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு.

லூபிஷா எங்களை ஒவ்வொருத்தரா பாத்தான். வாயைத் திறந்தான். வார்த்தை வர நேரம் ஆச்சு. அன்னிக்கு மட்டும் யாருமே நடுவுல பூந்து முடிச்சு விடல. யகோடாவை விடப் பொறுமையா காத்துட்டு நின்னோம்.

"ஒ-ஒ-ஒண்ணும் சொல்லல" லூபிஷா சொன்னான். "சொ-சொன்னா நீ-நீங்க எ-எழுதிடுவீங்கன்னு... வா-வாயே திறக்கல. பெ-பெட்டியை எடுத்துட்டு, த-தலையை மட்டும் ஆட்டிட்டுப் போ-போயிட்டா." கிளாஸைத் தூக்கினான். "எ-எல்லாரும் நல்லா இருங்க."

குடிச்சோம். கொஞ்ச நேரத்துல பேச்சு ஃபுட்பாலுக்குப் போயிடுச்சு. கறி நல்லா வெந்திருந்துச்சு, ஒரு துண்டு மிச்சமில்ல. எலும்பை எல்லாம் அந்தச் செய்தித்தாள்லயே மூட்டை கட்டி, மேசையைத் துடைச்சுட்டுத்தான் லூபிஷா தன் இடத்துக்குப் போனான்.

அடுத்த மாசம் ஆட்டத்துல புதுசா சேத்தது வந்துச்சு. இப்ப மூணாவது உதைக்குப் பழைய வரி முடிஞ்சதும் கிணத்தடி முட்டாள் கொஞ்சம் நிறுத்துவான். கிணத்துக்குள்ள எட்டிப் பாப்பான். அப்புறம், "ஒ-ஒ-ஒண்ணும் சொல்லல"ம்பான். அந்த எட்டிப் பாக்கறதை நான்தான் செஞ்சேன், வேலைன்னு குடுத்தாங்க. வெளிய விடறதுக்கு முன்னாடி யாராவது ஆடிப் பாத்துச் சரின்னு எழுதணும் இல்ல? அது லூபிஷா வேலை. பக்கத்து மேசையிலேர்ந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். மூணு தடவை உதைச்சான். வரி வந்துச்சு. சத்தம் உதட்டோட ஒட்டுதான்னு பாக்க மறுபடி மூணு தடவை உதைச்சான்.

அப்புறம் தட்டச்சு பண்ணினான். 'சரியாக வேலை செய்கிறது. தப்பு எதுவும் இல்லை.'